சின்னத் தொட்டிக்கு மாறிய எலுமிச்சை

அன்று மதியம் பால்கனியில் இருந்தவர்கள்: சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிய அக்கா, அவளை அழைத்துப்போக மூன்றாவது தடவையாக வந்திருந்த அவள் கணவரான என் மாமா, இரவு வேலையை விட்டு நான்கு மாதமாகியும் பகலில் தூங்கும் நான், இலையெல்லாம் மஞ்சளித்த ஒரு எலுமிச்சைச் செடி.

மாமாவுக்கு வேறு ஊரில் வேலை. அக்கா இரண்டு தடவை பெட்டி கட்டினாள், இரண்டு தடவையும் பிரித்துவிட்டாள். காரணம் நான். இந்தத் தடவை செடியைச் சாட்சிக்கு இழுத்தாள்.

"ஒரு செடியைக்கூட உயிரோட வச்சுக்கத் தெரியல. இவனைத் தனியா விட்டுட்டு எப்படிங்க வர்றது?"

"அவன் என்ன, தொட்டியிலயா இருக்கான்?" என்றார் மாமா.

"தொட்டியில இருந்தா பரவாயில்லையே. கட்டில்ல இருக்கான், ஆந்தை."

ஆறு வருஷம் மருந்துக் கிடங்கில் விடிய விடியப் பெட்டி ஒட்டிய எனக்கு மதியம் மூன்று மணி என்பது வேறு யாரோ காணும் கனவு. கொடியில் காய்ந்த துணிகளின் நிழல் தரையில் மெல்ல அலைந்தது. எதிர்க் கட்டிடத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மிதந்து போவதுபோல் இருந்தது.

வேருக்கு இடம் போதவில்லை என்பது அக்காவின் முடிவு. அண்டா மாதிரி ஒரு தொட்டி வாங்கி வைத்திருந்தாள். நான் பழைய தொட்டியைச் சாய்த்து, விளிம்பைத் தட்டி, தண்டின் அடியைப் பிடித்து இழுத்தேன். செடி சேற்றிலிருந்து கால் வருவதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. குட்டை நாற்றம். வேரைத் தொட்டால் தோல் காலுறைபோல் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது.

"எவ்வளவுடா ஊத்தின?"

"ஒரு சொம்பு. சாயங்காலம் எழுந்ததும்."

அக்காவின் கை நின்றது. "காலைல நான் ஒரு சொம்பு ஊத்தறேன்."

வேலைக்குப் போனபோது விடிகாலையில் திரும்பியதும் ஊற்றுவேன். வேலையை விட்டபின் எனக்கு விடிவதே சாயங்காலம் என்றாகிவிட்டது. காலையில் நான் தூங்குவதைப் பார்த்து, மறந்துவிட்டேன் என்று நினைத்து அவளும் ஊற்றியிருக்கிறாள். நான்கு மாதம்.

"ஆக, கொலைகாரங்க ரெண்டு பேரு," என்றார் மாமா.

அக்கா அவரை முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அழுகியதையெல்லாம் கத்தரியால் வெட்டினேன். ஒரு கைப்பிடி வேர் தேறியது. அவள் பெரிய தொட்டியை நகர்த்தி வந்தாள்.

"அது வேணாம். இத்தனூண்டு வேருக்கு அவ்வளவு மண்ணு போட்டா மறுபடி ஈரம் நிக்கும்."

துணிக்கிளிப்புகள் கிடந்த சின்ன மண்தொட்டியைக் கொட்டிக் கவிழ்த்தேன். புது மண்ணில் மணல் கலந்து செடியை நட்டு, கிளைகளைப் பாதியாகக் குறைத்தேன். பழக்க தோஷம், அக்கா சொம்பை நிரப்பிக்கொண்டு வந்து நின்றாள்.

"மண்ணுல இருக்கிற ஈரமே போதும். நாலு நாளைக்குத் தண்ணி காட்டக் கூடாது."

அவள் அந்தத் தண்ணீரில் தன் கையைக் கழுவிக்கொண்டாள்.

"பிழைக்குமா?"

"தெரியாது."

"பொய்யாவது சொல்லேண்டா."

"பிழைச்சா போன் பண்றேன்."

அவள் மறுபடி மனசு மாறுவதற்குள், கட்டி வைத்திருந்த பெட்டிகளை மாமா கீழே இறக்கிவிட்டார். அக்கா மட்டும் வாசலுக்கு வெளியே நின்றாள். என் தோளுக்கு மேலாகப் பால்கனியைப் பார்த்தாள்.

"கதவைச் சாத்து. நீ சாத்தினாத்தான் நான் போவேன்."

சாத்தினேன். பூட்டினேன். வெளியிலிருந்து ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு அவள் படியிறங்கினாள்.