மூன்று வெள்ளை

டைல்ஸ் ஃபேக்டரியில் பன்னிரண்டு வருஷம் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளை ஷேடு பிரிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். சூளையிலிருந்து பெல்ட்டில் ஓடி வரும் வெள்ளை டைல் எல்லாம் ஒரே வெள்ளை இல்லை. ஏ, பி, சி என்று மூன்று. கலந்து போய்விட்டால், ஒட்டிய சுவர் திட்டுத்திட்டாகத் தெரியும்.

அவளுக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

முதல் வாரமே பதினெட்டுப் பெட்டி திரும்பி வந்தது. சூப்பர்வைசர் கடுகடுத்தார். "கண்ணத் தொறந்து பாருங்கம்மா."

"தொறந்துதான் சார் பாக்கறேன். எதப் பாக்கணும்னு சொல்லுங்க."

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரியைக் கேட்டாள். "பாத்தா தெரியும்க்கா" என்றாள் அவள். பளாரென்று ஒன்று விடலாம் போலிருந்தது.

உடைந்த டைல்களில் முப்பது துண்டுகளைப் பொறுக்கி, பின்பக்கம் பென்சிலால் எழுத்தைக் குறித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். தினமும் காலையில் சமையலறை ஜன்னலோரம் கலைத்துப் போட்டுப் பிரிப்பாள்; பிறகு திருப்பிப் பார்ப்பாள்.

"என்னம்மா, காலங்காத்தால பீங்கான வெச்சு சீட்டாடறியா?" என்றான் கணவன்.

"நீங்க வாயத் தொறந்தீங்கன்னா இத்தனையும் உங்க தலையிலதான்."

முப்பதில் பத்து சரி. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே அவ்வளவு வரும். ஒரு நாள் ஆத்திரத்தில் எல்லாவற்றையும் தரையில் வீசினாள். பிறகு அவளேதான் குனிந்து பொறுக்கினாள். மூன்றாவது வாரம் பதினேழு. ஐந்தாவது வாரம் முப்பதும் சரி. சி-யில் பழைய காகிதத்தின் சாயல் இருந்தது. பி லேசாக நீலத்துக்குப் போனது. இத்தனை நாள் இது எங்கே ஒளிந்திருந்தது?

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று ஆறு பெட்டி தப்பு.

"வீட்ல முப்பதுக்கு முப்பது சார்!"

"அப்போ பெல்ட்ட உங்க வீட்டுக்கே அனுப்பிடட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். குழாயடியில் முகத்தைக் கழுவிக் கழுவித்தான் அழுகையை அடக்கினாள். அப்போதுதான் உறைத்தது. அவள் பழகியது ஜன்னல் வெளிச்சத்தில் அசையாமல் கிடந்த துண்டுகளை. இங்கே டியூப் லைட்டுக்குக் கீழே முழு டைல் ஓடுகிறது.

மறுபடி முதலிலிருந்து. சாப்பாட்டு இடைவேளையில் பாதியை மேசையிலேயே கழித்தாள். பக்கத்து மேசைக்காரி டைலை ஒவ்வொன்றாக நகர்த்துவாள்; இவள் எழுத்தைச் சொல்வாள். சரி, தப்பு, அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இன்னும் ஒரு மாதம் ஓடியது. பெட்டிகள் திரும்பி வருவது குறைந்து, நின்றது.

ஒரு மதியம் ஏ அடுக்கிலிருந்து ஒரு டைலை உருவினாள். சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். "இது ஏ-தானே?"

"பி சார்."

அவர் நம்பாமல் நிறம் அளக்கும் மீட்டரை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். பி. மீட்டரைத் தட்டி, திரும்பவும் வைத்தார். அப்போதும் பி.

பாராட்டுவார் என்று ஒரு கணம் நின்றாள்.

"சரி சரி, பெல்ட்டு நிக்குது பாருங்க. திங்கக்கெழமைலேர்ந்து சாம்பல் கலர் ஓடப்போவுது. அஞ்சு ஷேடு."

"அஞ்சா? நாசமாப் போச்சு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, அடுத்த டைலை இழுத்தாள்.