கடைசித் தட்டு

மார்ச் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில் உள்ள இருபது அறை விடுதியில், ஏழாம் எண் அறைக்காரர் தன் போர்வையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து மேனேஜரின் மேசைமேல் வைத்தார்.

"மோந்து பாருங்க" என்றார்.

மேனேஜர் மோந்து பார்த்தார். அந்த மாதத்தில் அது நான்காவது போர்வை.

"நனைஞ்ச நாய் படுத்து எழுந்த மாதிரி இருக்கு சார். கட்டிலுக்குக் காசு குடுத்துட்டு நாற்காலியில உக்காந்து தூங்கினேன்."

ஒன்பது மணிக்கு மேனேஜர் இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் மொட்டைமாடியில் துவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர். எல்லோருக்கும் அவர் மெஷின் அண்ணன். இன்னொருத்தி, துவைத்துக் காய்ந்து வருவதைத் தேய்த்து, மடித்து, அடுக்கி வைப்பவள். பதினோரு வருடமாகத் துணி அறை அவள் பொறுப்பு. அவளுக்கு விடுதியில் பீரோ அக்கா என்று பேர்.

"முதலாளி ஃபோன் பண்ணிட்டார். ஒண்ணாம் தேதியிலேர்ந்து உங்கள்ல ஒருத்தர்தான் இருக்கணுமாம். துவைக்கிற இடத்துல நாறுதா, வைக்கிற இடத்துல நாறுதா? அதை மட்டும் சொல்லுங்க."

"அலசுறது பத்தலை சார்" என்று அவள் உடனே சொன்னாள். "சோப்புத்தண்ணி போறதுக்குள்ள மெஷினை நிறுத்திடறார்."

மெஷின் அண்ணன் அவளை ஒரு தடவை பார்த்தார். ஆறடி ஆள். மேனேஜர் அறைக்குள் எப்போதும் கொஞ்சம் குனிந்தே நிற்பார். "பீரோ அக்கா மூக்கு பொய் சொல்லாது சார்" என்றார். அது பாராட்டா குத்தலா என்று மேனேஜருக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது.

பீரோ வந்தது போன மழைக்காலத்துக்கு முன்னால். அதுவரை ஜன்னல் ஓரத்து மரப்பலகைகளில்தான் எல்லாம் இருந்தது. தூசி விழுகிறது, துண்டுகள் காணாமல் போகின்றன என்று இரண்டு வருடம் நச்சரித்து அவளே அதை வாங்க வைத்தாள். சாம்பல் நிற இரும்பு பீரோ, நான்கு தட்டு, கதவைச் சாத்தினால் எறும்புகூட நுழையாது. சாவி அவள் இடுப்பில். சூடு ஆறுமுன் மடித்தால்தான் மடிப்பு நிற்கும் என்பது அவள் தொழில் ரகசியம். தண்ணீர் தெளித்து, அழுத்தித் தேய்த்து, ஆவி அடங்குமுன் நான்காக எட்டாக மடித்து, பீரோவில் அடுக்கிக் கதவைச் சாத்திவிடுவாள். இந்த மடிப்பில் முகச்சவரம் செய்துகொள்ளலாம் என்று ஒரு விருந்தாளி வருகைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம்.

மெஷின் அண்ணன்தான் காரணம் என்று அவள் நம்பினாள். ஆனாலும் வைக்கிற இடம் என்று மேனேஜர் சொன்ன சொல் காலில் குத்திய முள் மாதிரி உள்ளேயே இருந்தது. அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். வீட்டிலிருந்து குளியல் சோப்புகளைக் கொண்டுவந்து, உறையைப் பிரித்து, தலையணை உறைகளுக்கு நடுவில் வைத்தாள். பக்கத்துப் பள்ளிக்கூட ஆயாவிடம் துண்டு சாக்பீஸ்களை வாங்கி, பழைய காலுறையில் கட்டித் தொங்கவிட்டாள். வாடையை இழுக்கட்டும் என்று கிண்ணத்தில் சமையல் சோடா. துணியில் முடிந்த அடுப்புக்கரி. தட்டுகளில் செய்தித்தாள்.

"குளிக்கப் போனா சோப்பைக் காணோம்" என்றார் அவள் கணவர். "விடுதிப் போர்வை மணக்கட்டும், நான் நாறிக்கிட்டே வேலைக்குப் போறேன்."

"போன வருஷம் பூரா நீங்க அப்படித்தானே போனீங்க."

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவர் கேட்டார்: "அந்த ஆளை அனுப்பிடுவாங்களா?"

"என்னை அனுப்பணுமா?"



ஒரு வாரத்தில் பீரோவைத் திறந்தால் முதலில் சோப்பு மணந்தது. அதற்குப் பின்னாலேயே பழைய வாடை வந்தது, விருந்தினருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வரும் கடன்காரன் மாதிரி. கரியை மாற்றினாள். சாக்பீஸை வெயிலில் காயவைத்துத் திரும்பத் தொங்கவிட்டாள். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

பத்தொன்பதாம் தேதி மதியம் எட்டு விரிப்புகளைத் தேய்த்திருந்தபோது, மகள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. மடிக்க நேரமில்லை. எட்டையும் நாற்காலி முதுகுகளிலும் தேய்க்கும் மேசையிலும் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். சுளுக்குத்தான். மறுநாள் காலை வந்து, மின்விசிறிக் காற்றில் கிடந்தவற்றை மடித்தாள். மடிப்பு மொத்தையாக வந்தது. யார் கண்ணிலும் படவேண்டாம் என்று கடைசித் தட்டில், தரையோடு, தள்ளி வைத்தாள். அந்தத் தட்டில் சோப்பும் இல்லை, கரியும் இல்லை.

இருபத்தேழாம் தேதி ஒரு கல்யாணக் கூட்டம் மொத்தமாக வந்து இறங்கியதில் மேல் தட்டுகள் அநேகமாகக் காலியாகின. கடைசித் தட்டிலிருந்து ஒரு விரிப்பை எடுத்தவள், பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். துணி வாசனைதான் வந்தது, வெறும் துணியின் வாசனை. எட்டையும் மோந்தாள். எட்டும் அப்படித்தான். பிறகு முந்தின நாள் அடுக்கி, மேல் தட்டில் மிஞ்சியிருந்த அடுக்கின் நடுவில் கையை விட்டாள். ஈரம் என்று சொல்ல முடியாது. பயந்தவர் கையைப் பிடித்தால் இருக்குமே, அப்படி ஒரு வியர்ப்பு.

எட்டும் மெஷின் அண்ணன் துவைத்தவை. எல்லாம் ஒரே சோப்பு, ஒரே தண்ணீர். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மரப்பலகையில் அடுக்கிய காலத்தில் அந்த ஆவி ஜன்னல் வழியே போயிருக்கிறது. பீரோ வந்தபின் அதைத் தானே உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறாள். இன்னும் நான்கு நாள் பேசாமல் இருந்தால் போதும். மெஷின் அண்ணன் போய்விடுவார். அதன்பின் ஆறவைத்து மடித்தால் வாடையும் போய்விடும். அவரால்தான் நாறியது என்று ஊரே ஒத்துக்கொள்ளும். இவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மொட்டைமாடிக்கு ஏறினாள். அவர் குந்தி உட்கார்ந்து மெஷினின் வடிகுழாயைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். போகப்போகிறவர் செய்யும் வேலை அல்ல அது.

"அண்ணே, தப்பு என்மேலதான். சூட்டோட மடிச்சு வெச்சிருக்கேன். பீரோவுக்குள்ள வேர்த்துப் போச்சு."

அவர் நிமிரவில்லை. "பதினஞ்சு நாளா மூணு தடவை அலசறேன். கை தோலு உரிஞ்சுபோச்சு."

"தெரியும்ணே."

"என்ன தெரியும்? வேலை போகப்போகுதுன்னு என் வீட்டுல எப்படிச் சொன்னேன்னு தெரியுமா?"

கொடிகளில் விரிப்புகள் காற்றில் படபடத்தன. வடிகுழாயைத் திரும்ப மாட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "மேனேஜர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. முதல்ல உங்ககிட்ட."

"போய்ச் சொல்லு. நான் வந்து நிக்க மாட்டேன்."

மேனேஜர் முழுவதும் கேட்டார். "இதுக்கா இவ்வளவும்? ஆறவெச்சு மடிக்க வேண்டியதுதானே?"

"ஆமா சார்."

"அப்ப யாரை அனுப்பறது?"

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மேனேஜர் சாவியைப் பார்த்தார், வராந்தாவில் கல்யாணக்காரர்கள் துண்டு கேட்டுக் கத்துவதைக் கேட்டார். "முதலாளிகிட்ட நான் பேசறேன். நீ முதல்ல அந்தத் துண்டைக் குடு" என்று சாவியை அவள் பக்கம் தள்ளினார்.

ஏப்ரல் மாதத்தில் வாடை பற்றிப் புகார் எதுவும் வரவில்லை. தலையணை சப்பையாக இருக்கிறது என்று ஒன்று வந்தது. வேலையிலிருந்து யாரும் போகவில்லை. மெஷின் அண்ணன் அவளோடு பேசுவதில்லை; கூடையைத் துணி அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த மாதம் ஐந்தாம் தேதி காலை அவள் துணி அறைக்குள் நுழைந்தபோது, ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிவரை, மொட்டைமாடிக் கொடிகளில் உள்ள அதே நைலான் கயிறு இரண்டு புதிதாகக் கட்டப்பட்டிருந்தன. தேய்த்த விரிப்பை எடுத்து முதல் கயிற்றில் போட்டாள். எக்க வேண்டியிருக்கவில்லை. கயிறு அவள் தோள் உயரத்தில்தான் இருந்தது.