சில்லு வைத்த வீட்டுக்கு ஜெபம்

போதகர் நிர்மலன் வியாழக்கிழமை தொலைபேசியில் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"ரீச்சர், சனிக்கிழமை வாகன ஜெபமோ, வீட்டு ஜெபமோ? அதுக்கேத்த மாதிரித்தான் நான் ஆயத்தப்படுத்த வேணும்."

வாகன ஜெபம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். போதகர் முன்பக்கத்தில் கை வைத்து, விபத்தில்லாமல் காக்கும்படி கேட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போவார். வீட்டு ஜெபம் அப்படியல்ல. மூடிய கதவுக்கு வெளியே எல்லோரும் நின்று பாடுவார்கள். வீட்டுக்குரியவர் திறப்பை எடுத்துப் பூட்டில் போட்டுக் கதவைத் திறந்து முதலில் உள்ளே போவார். பிறகுதான் மற்றவர்கள்.

"வீட்டு ஜெபம்," என்றேன்.

அந்தப் பக்கம் வேதாகமத்தின் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"வழமையா கற்பாறையிலை கட்டின வீட்டைப் பற்றித்தான் வாசிக்கிறது. உது சில்லிலை ஓடுற வானெல்லோ ரீச்சர்?"

"வேறை ஒண்டு தேடுங்கோ. என்னட்டைக் கணக்குப் படிக்கேக்கையும் நீங்கள் கடைசி நிமிசத்திலைதானே விடை கண்டுபிடிக்கிறனீங்கள்."

நெல்லியடியில் நான் இருக்கும் வீட்டை அப்பா எனக்குச் சீதனமாகத்தான் கட்டினார். சீதனம் எழுதுவதற்குக் கல்யாணம் வேண்டும். அது நடக்கவில்லை. அண்ணை லெனாட் குடும்பத்தோடு அதில் இருந்தார், நானும் இருந்தேன். யாரும் என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. ஓர் உறுதிப் பத்திரம் எழுதப்படாமல் கிடந்தது, அவ்வளவுதான். முதலில் பாடசாலை விடுதி, பிறகு அந்த வீட்டில் கதவுக்குப் பதில் திரைச்சீலை தொங்கும் ஓர் அறை. ஐம்பத்தெட்டு வயதுவரை, நானே கொண்டி போட்ட கதவுக்குப் பின்னால் ஒருநாளும் தூங்கியதில்லை.

சித்திரை மாதம் அண்ணையின் மகள் நிஷானிக்குக் கல்யாணம் பேசி, வீடு அவளுக்கென்று முடிவானது. "உன்ரை அறை எப்பவும் உனக்குத்தான்," என்றார் அண்ணை. மனதாரத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பதைப் பல நாட்கள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதின்மூன்று வயதில், மிஷன் பாடசாலை நூலகத்தில், ஓர் அமெரிக்கப் போதகர் குடும்பம் விட்டுப்போன பழைய சஞ்சிகையில் ஒரு படம் பார்த்தேன். உருண்டை விளக்குகள் வைத்த கார், அதன் பின்னால் கொளுவிய சின்ன வீடு, ஓர் ஏரிக்கரை. வாசலில் நின்று ஒரு பெண் முட்டை பொரிக்கிறாள். கார் வந்த சில வருடங்களிலேயே அங்கே சனம் இப்படி வீட்டை இழுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டது என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. ஏன் என்று எழுதியிருக்கவில்லை. ஊர் பார்க்க வந்தவர்களின் அவசரம் அவள் முகத்தில் இல்லை. எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் அவள் யாருடைய வீட்டுக்கும் வந்தவள் அல்ல. அதை நான் விளங்கிக்கொள்ள நாற்பது வருடத்துக்கு மேல் எடுத்தது.

ஓய்வு பெற்றதும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றித் திரிந்த பழைய வான் ஒன்றை வாங்கி, சுன்னாகத்தில் றஞ்சித்தின் கராஜில் விட்டேன்.

"எத்தினை பேர் படுக்க?"

"ஒராள்."

"ஒராளுக்கு இவ்வளவு வேலையோ?" என்று சிரித்தான். "ஆனா உது புதுசில்லை ரீச்சர். எங்கடை ஆக்கள் சந்நிதிக் கோயில் திருவிழாவுக்குக் கூடார வண்டில் கட்டிப் போனால், சமையலும் படுக்கையும் வண்டிலோடைதான். அவைக்கு மாடு, உங்களுக்கு டீசல்."

மடிக்கும் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் அவன் யோசனை. நானாகக் கேட்டது உள்பக்கத்துக்கு ஒரு கொண்டி மட்டும்.

வெள்ளிக்கிழமை அண்ணையின் மனைவி, நேசமலர் மச்சாள், மாவோடு வந்து நின்றார்.

"வாகனமெண்டால் தேத்தண்ணி காணும். வீடெண்டால் றோல்ஸ் பொரிக்க வேணும். எதெண்டு சொல்லுங்கோ மச்சாள்."

"வீடு."

"அப்ப நாப்பது பொரிக்கிறன்."

அண்ணை கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை, வாசல் கேற் ஒடுக்கமென்று அண்ணையே வானைப் பின்பக்கமாக முற்றத்துக்குள் விட்டார். திறப்பைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சபை ஆட்களும் அயலவர்களும் வந்து வேலியோரம் நின்றார்கள்.

"வீட்டுக்காரர் திறப்பை எடுங்கோ," என்றார் போதகர்.

அண்ணையின் கை சட்டைப் பைக்குப் போய் அங்கேயே நின்றது. அவர் என் பக்கம் குனிந்தார்.

"றெபேக்கா, உதை வாகனமெண்டு சொல்லு. நீ சுத்திப் பாக்கப் போறாயெண்டால் ஒருத்தரும் ஒண்டும் கதைக்கமாட்டினம். வீடெண்டால், தங்கச்சியைச் சில்லிலை ஏத்தித் துரத்திப்போட்டான் எண்டு சந்தை முழுக்கக் கதைக்கும்."

அவர் சொன்னது உண்மை. ஒரு சொல்லால் அவரைக் காப்பாற்றலாம். 'எனக்கொண்டும் வேண்டாம் அண்ணை' என்று வருடக்கணக்காக நான் அவரைக் காப்பாற்றித்தான் வந்திருக்கிறேன்.

"திறப்பைத் தாங்கோ அண்ணை."

தந்தார். அவருடைய உடம்புச் சூடு அதில் இருந்தது.

பாட்டுத் தொடங்கியது. கதவைத் திறந்து உள்ளே ஏறினேன். கதவை இழுத்து மூடிக் கொண்டியைப் போட்டேன். வெளியே இரண்டாவது அடியில் பாட்டுத் தடுமாறியது.

"உள்ளுக்கை பூட்டிப்போட்டாவே!" என்றது நேசமலரின் குரல்.

கட்டிலில் இருந்தேன். நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி வரவில்லை. கொண்டி சரியாகப் பிடிக்கிறதா என்று எழும்பி இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். பிடித்தது.

பிறகு திறந்தேன். அண்ணை முன்னால் நின்றார். வழமையாக வானில் ஏறுவதுபோல ஒரு காலைப் படியில் வைத்துவிட்டிருந்தார்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ அண்ணை."

வானில் ஏறும்போது யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அவர் போதகரைப் பார்த்தார். வேலியோரம் நின்றவர்களைப் பார்த்தார். படியில் வைத்த காலை எடுத்தார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து, வாரைக் கழற்றி, இரண்டு செருப்பையும் மணலில் சேர்த்து வைத்தார். கூரை இடிக்காமல் கழுத்தை வளைத்து ஏறி, கட்டில் விளிம்பில் இருந்தார்.

"முதல் எங்கை போறாய்?"

"தொண்டைமானாறு ஏரிக்கரைக்கு."

"அதுக்கு இருவது நிமிசம் காணுமே."

"போறதுக்குக் காணும். நான் அங்கை மூண்டு நாள் இருப்பன்."

அவர் தலையாட்டினார். அடுப்பைப் பார்த்தார், தாங்கியைப் பார்த்தார், கொண்டியை ஒரு தரம் போட்டு எடுத்தார்.

"என்ன வீடு இது," என்றார், வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படியாக. "வந்த ஆளுக்கு ஒரு தேத்தண்ணி இல்லையோ?"

நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.