சுப்புராயன் கையெழுத்து

ஐஸ் பெட்டி மூன்றாவது மாடிக்கு ஏறவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவருக்கும் உடைந்த கைப்பிடிக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. தூக்கி வந்தவர்கள் நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் பெட்டிக்காரர், "இது ஆவாதுபா. பாடிய கீழ எறக்கிடுங்க" என்றார்.

மேலே வாசலில் நின்றிருந்த பொன்மணிக்கு அந்த வார்த்தை சுருக்கென்றது. விடியற்காலை ஐந்து மணிக்கு, "வர்றப்ப பால் வாங்கியாரவா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப்போன மனிதர்.

"நைனாவ சேர்ல ஒக்கார வெச்சு எறக்கலாம்" என்றாள். "அம்மாவுக்கு மண்ட ஒடஞ்சப்ப அப்படித்தான எறக்குனோம்."

பிளாஸ்டிக் நாற்காலியில் சுப்புராயனை உட்காரவைத்து, மார்போடு சேர்த்து ஒரு வேட்டியால் கட்டினார்கள். முன்கால்களை ஹம்மாத் பிடித்தான். பின்னால் செந்தில்குமார். இருவரும் நான்கு மாதமாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாதவர்கள். "மெதுவா" என்றான் ஒருவன். "படி ஒடஞ்சிருக்கு, பாத்து" என்றான் மற்றவன். பொன்மணி பின்னாலேயே இறங்கினாள். அப்பாவின் கால்விரல் இடுக்குகளில் செம்மண் ஈரம் காயாமல் அப்பியிருந்தது.

அது ரவுண்டு மண்; காலையில் அங்கிருந்துதான் அவரை மேலே தூக்கி வந்திருந்தார்கள். காலனிக்குப் பின்னால், அடையாற்றுக் கரையை ஒட்டி, முட்டை வடிவத்தில் ஒரு பைக் ரேஸ் மைதானம் இருந்தது. காலனியில் எல்லோருக்கும் அது 'ரவுண்டு'. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரேக் இல்லாத பைக்குகள் அதில் இடப்பக்கமாகவே சீறித் திரும்பும். ஈக்காட்டுத்தாங்கல் ஒர்க்‌ஷாப்புகளில் வாரம் முழுக்க எண்ணெய்க் கையோடு கிடந்தவர்கள் அன்று ஒருநாள் ராஜாவாக இருப்பார்கள். ஹம்மாத்தும் காலனிக்கு வெளியே இருந்து வரும் அவர்களில் ஒருவன். சுப்புராயன் முப்பத்தைந்து வருடமாக அங்கே வாட்ச்மேன், கொடி காட்டுபவர், தண்ணீர் விடுபவர் எல்லாம். மண் காய்ந்திருந்தால் புழுதியில் பின்னால் வருபவனுக்குக் கண் தெரியாது. ஈரம் கூடினால் வழுக்கும். ரேஸுக்கு முந்தின நாள் விடிவதற்குள் தண்ணீர் விட்டு ஊறவைத்துவிட வேண்டும். இன்று சனிக்கிழமை.

அந்த ரவுண்டு இருக்கும் இடத்தையும் சேர்த்தால்தான் பதினான்கு மாடிக் கட்டடம் வரும் என்று வருடத் தொடக்கத்தில் போர்டு நட்டார்கள். இருக்கும் நான்கு பிளாக்கையும் இடித்துவிட்டு, தொண்ணூற்றாறு குடும்பத்துக்கும் லிஃப்ட் வைத்த புது வீடு. மைதானம் காலனியின் பொது நிலம் என்பதால் தொண்ணூற்றாறு பேரும் ஒப்புதல் தர வேண்டும். தொண்ணூற்றைந்து பேர் தந்தார்கள். சங்கச் செயலாளர் செந்தில்குமார்தான் படியேறி இறங்கிக் கையெழுத்து வாங்கினான். அவன் வீடு தரைத்தளத்தில். மழை பெருத்துவிட்டால் ஆற்றுத் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்து நிற்கும்.

சுப்புராயன் மட்டும் மறுத்தார். "கட்டட்டும், யார் வேணாம்ன்றது? ரவுண்ட வுட்டுட்டுக் கட்டட்டும்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அந்த ஒரு கையெழுத்து இல்லாததை வைத்துத்தான் ஹம்மாத் ஆட்கள் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம், தூங்கிக்கொண்டிருந்த அம்மா பாஞ்சாலியின் தலையில் கூரைப்பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஏழு தையல். தகவல் கேட்டு, தான் வேலை பார்க்கும் தி.நகர் ஜவுளிக் கடையில் விரித்த சேலையை விரித்தபடியே போட்டுவிட்டு ஓடிவந்தாள் பொன்மணி. தலையணை முழுக்க ரத்தம். கூரையில் துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு மாதிரித் தெரிந்தன. சுப்புராயன் அன்று சாயங்காலமே சிமென்ட் குழைத்து அந்த இடத்தைப் பூசினார். "கொஞ்சம் ஒட்டுப் போட்டா போதும்" என்றார். பொன்மணி அவரிடம் அதற்குப்பிறகு ஒரு வாரம் பேசவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, அவர் ரவுண்டில் இருந்த நேரத்தில் செந்தில்குமார் ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். "பெர்சு வந்தா கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பொன்மணி பேனாவை எடுத்தாள். 'சு. சுப்புராயன்.' அவர் மாதிரியே போட முயன்றும் 'ரா' கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அவன் திரும்பி, படிவத்தை மடித்துக்கொண்டு போனான்.

கீழே, ஐஸ் பெட்டிக்குள் சுப்புராயன் படுத்தார். பாஞ்சாலி தலைமாட்டில் உட்கார்ந்தாள். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி இன்னும் சரியாக முளைத்திருக்கவில்லை. பெண்கள் வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழாமல் பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பொன்மணி டீ வாங்கிவரச் சொல்ல எழுந்தபோது ஹம்மாத் வந்தான்.

"பொன்னுக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"காத்தால வண்டிய டெஸ்ட் பண்ணலாம்னு ஆறு மணிக்கே வந்துட்டேன். நைனா டயர் அடுக்குல சாஞ்சுகினு ஒக்காந்திருந்தாரு. கைல ஓஸு, தண்ணி ஓடிக்கினு கீது. சும்மா ஒக்காந்துகீறாருன்னு நெனச்சு, கைய காட்டிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிட்டேன்க்கா. ஒரு முழு ரவுண்டு. திரும்பி வந்தப்பதான் பாத்தேன், அவரு கண்ணு என்னப் பாக்கல."

பொன்மணி அவன் கையைப் பிடித்தாள்.

"டாக்டர் சொன்னாரில்ல, அஞ்சரைக்கே போயிருக்கும்னு. நீ ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். திங்கக்கிழம கேஸ். அவரு ஒத்துக்கலன்றத வெச்சுத்தான் வக்கீல் நிக்குறாரு. இப்ப வாரிசு நீதான். நீ ஒரு கையெழுத்துப் போட்டின்னா நைனா பேர்லயே நடத்தலாம்."

"பாக்கலாம்" என்றாள் பொன்மணி.

பந்தலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்த செந்தில்குமார் அதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். ஹம்மாத் போனதும் ஏணியிலிருந்து இறங்கி வந்தான். அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"இன்னா கேக்கறான்?"

"திங்கக்கிழம கேஸாம்."

"போடட்டும். அது நிக்காது. நீ பயப்படாத பொன்னு, அந்தக் கையெழுத்து விஷயம் நேத்தே முடிஞ்சுபோச்சு."

"நேத்தா?"

"உனக்குச் சொல்லலியா அவரு?" செந்தில்குமார் அவளை வியப்போடு பார்த்தான். "நேத்து ஹவுசிங் போர்டு ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. பழைய அலாட்மென்ட்ல இருக்கற கையெழுத்தும் இதுவும் ஒத்துப் போவலியாம். நேர்ல இட்டாரச் சொன்னாங்க. நான்தான் ஸ்கூட்டர்ல இட்டுனு போனேன். வழியெல்லாம், உன்னையும் என்னையும் உள்ள தள்ளப்போறாருன்னு நெனச்சேன்."

"நைனா இன்னா சொன்னாரு?"

"கண்ணாடி போட்டுகினு பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. அந்தாளு கேட்டான், பெரியவரே இது யார் போட்டதுன்னு. 'என்னுதுதான் சார். கை நடுக்கம், அதான் கோணிக்கினு கீது'ன்னாரு. எங்க, இன்னொரு வாட்டி போட்டுக் காட்டுங்கன்னான்." செந்தில்குமார் தலையை ஆட்டிக்கொண்டான். "போட்டாரு பொன்னு. நீ போட்ட மாதிரியே போட்டாரு. அந்த 'ரா' சாய்ஞ்சது மொதக்கொண்டு."

தொட்டியில் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. யாரோ வந்து குழாயை மூடினார்கள்.

நேற்று ராத்திரி அவர் எட்டு மணிக்கு வந்தார். கால் கழுவினார். "இன்னா கொழம்பு?" என்று கேட்டார். கருவாட்டுக் குழம்பு என்றதும் இன்னொரு கை சோறு வாங்கிக்கொண்டார். உப்பு கம்மி என்றார். கை கழுவிவிட்டு வந்து, "அந்தப் புது வூட்ல லிஃப்டு நெஜமா இருக்குமா?" என்றார். பொன்மணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இருக்கும் நைனா. ரெண்டு லிஃப்டு" என்றாள். "உங்கம்மாவுக்கு மூட்டு வலி. அது நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுத்தார். மனசு மாறுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்த வாரம் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டாள்.

அவளைத் திட்டியிருக்கலாம். தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். அது அவருக்கு வராத காரியமும் இல்லை.

"ஆக, பெரியவரே ஒத்துக்கினாரு" என்றான் செந்தில்குமார். "அவன் கேட்டா அதையே சொல்லிடு. 'நைனாவே போட்டுட்டாரு'ன்னு. அதுல பொய் இல்லியே."

அது சுலபமாகத்தான் இருந்தது. பொன்மணி பந்தலைப் பார்த்தாள். ரேஸ் ஓட்டுகிறவர்கள் இருபது முப்பது பேர் வந்திருந்தார்கள். ஒருவன் ஐஸ் பெட்டிக்குச் சாமந்தி மாலை சாத்திக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு பேர் 'ரவுண்டைக் காப்போம்' என்று எழுதிய துணியைச் சொர்க்கரதத்தின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நைனாவே போட்டுட்டாரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாலை அப்படியேதான் இருக்கும். நாளைக்கு டீக்கடையில் அவர் பெயரை எப்படிச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் நேராகப் போய் ஹம்மாத்தைக் கூப்பிட்டாள். படிக்கட்டின் அடியில், பழைய சைக்கிள்கள் சாத்திவைத்திருந்த இடத்தில் நின்றார்கள்.

"நைனா பேர்ல கையெழுத்து விழுந்தாச்சு ஹம்மாத். ஆபீஸ்ல கொடுத்தாச்சு."

"இன்னாக்கா சொல்ற? நைனாவா? சான்ஸே இல்ல."

"அவரு போடல. நான் போட்டேன்."

அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"நேத்து அவர ஆபீஸுக்கு இட்டுனு போய்க் கேட்டிருக்காங்க. என்னுதுதான்னு சொல்லிட்டு வந்திருக்காரு. எனக்கு இப்பத்தான் தெரியும்." அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "நீ கோர்ட்ல சொல்லணும்னா சொல்லு. நான் வந்து ஒத்துக்கறேன். ஆனா அவரு உங்கள வித்துட்டாருன்னு மட்டும் யாரும் பேசக் கூடாது."

ஹம்மாத் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பூச்சு போன இடத்தில் செங்கல் தெரிந்தது. பந்தலில் யாரோ, "நேரமாச்சு, எடுங்கப்பா" என்று குரல் கொடுத்தார்கள்.

"தூக்கணும்" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டினார்கள். பொன்மணி கால்விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கொள்ளி போட அவள் சித்தப்பா மகன் முருகன் சட்டியோடு முன்னால் நின்றான். ரதம் கிளம்பும்போது ஒரு சின்னச் சச்சரவு வந்தது. உடலை ரவுண்டுக்குள் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பெசன்ட் நகர் சுடுகாட்டுக்குப் போக வேண்டும் என்று பைக் ஓட்டுகிறவர்கள் முன்பே பேசிவைத்திருந்தார்கள். செந்தில்குமார் குறுக்கே வந்தான். "சாவுல அரசியல் பண்ணாதீங்கடா" என்றான். இரண்டு பேர் அவன் சட்டையைப் பிடிக்கப் போனார்கள்.

"வுடுங்க" என்றான் ஹம்மாத். "உள்ள போவ வேணாம்."

"இன்னாடா, நீதானே சொன்ன?"

"நாளைக்கு ஓட்டறதுக்கு நைனா தண்ணி வுட்டு வெச்சது. வண்டி ஏறுச்சுன்னா தடம் வுழுந்துடும்."

சட்டையைப் பிடிக்கப் போனவர்கள் விலகினார்கள். ரதம் ரவுண்டின் கேட் முன்னால் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் நகர்ந்தது. பக்கவாட்டில் கட்டியிருந்த துணியை ஹம்மாத் அவிழ்த்து, நான்காக மடித்து, தன் பைக் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு பின்னால் போனான். பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டார்கள். ரதம் கோட்டூர்புரம் பாலத்துப் பக்கம் திரும்பும்வரை பறைச்சத்தம் கேட்டது.

வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு பொன்மணி விளக்கேற்றியபோது மணி ஆறு. வாசலில் நிழல் தட்டியது. ஹம்மாத். உள்ளே வரவில்லை. கதவு நிலையையும் தொடவில்லை.

"முடிஞ்சுதுக்கா."

"தண்ணி குடிக்கிறியா?"

"வேணாம். வக்கீலாண்ட பேசிட்டேன். திங்கக்கிழம போவல."

"நான் அத கேக்கல ஹம்மாத்."

"தெரியும். அவரு என்னுதுன்னு சொல்லிட்டாரு. அது இல்லன்னு நான் போய் நிக்க முடியாது." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தான். படியில் இரண்டு அடி இறங்கி நின்றான். "நாளைக்கு ஓட்டிட்டு, நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்க்கா."

அவன் செருப்புச் சத்தம் மூன்று மாடியும் இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஏழு மணிக்கு மழை பிடித்தது. முதலில் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியைப் பொன்மணி ஓடிப்போய் எடுத்தாள். அடுத்த நிமிஷமே சடசடவென்று ஊற்றியது. பின்பக்க ஜன்னலில் ரவுண்டு தெரியவில்லை. வெள்ளையாக மழைதான் தெரிந்தது. ஈர மண் வாசனை மூன்றாவது மாடிவரை ஏறி வந்தது.

கூரை ஒழுக ஆரம்பித்தது. பொன்மணி அடுக்களைக்குப் போய்க் குண்டான், சொம்பு, பக்கெட் எல்லாம் எடுத்துவந்து அதனதன் இடத்தில் வைத்தாள். வீட்டில் ஒழுகாத மூலை ஒன்றே ஒன்று. பெருமழைக்கு மூன்று பேரும் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அங்கேதான் ஒடுங்குவார்கள். பாஞ்சாலி ஏற்கெனவே போய் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு ரேஸு நடக்குமாடி?"

"நடக்காதும்மா. மண்ணு கொழகொழன்னு ஆயிருக்கும்."

பாஞ்சாலி மேலே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தலையைப் போர்த்திக்கொண்டாள்.

பொன்மணி பாயை விரித்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். சுவரோரம் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் இருந்தது. சாரல் அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அவள் நகரவில்லை.