பாம்புச் செவி

ஒரு பெட்டி தள்ளுகிறது, இன்னொன்று இழுக்கிறது, இது புருஷனுக்குத் தெரியப்போவதே இல்லை என்று சத்யா நினைத்துக்கொண்டாள். காரின் பின்சீட்டில் நடுவாக, முழங்கால்களை ஒடுக்கி உட்கார்ந்திருந்தாள். முன்சீட்டுகள் இரண்டின் அடியிலும் நாலு விரல் உயரத்தில் தலா ஒரு தட்டைப் பெட்டி. சப்வூஃபர் என்று அட்டையில் போட்டிருந்ததை மலைமேல் செம்மேட்டில் எல்லாரும் ஊஃபர் என்றே சொன்னார்கள். பழைய வகை ஊஃபர் டிக்கி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். குச்சிக்கிழங்கு மூட்டையும் பலாப்பழமும் ஏற்றுகிற ஊரில் டிக்கியை யாரும் பாட்டுக்கு விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதனால் சீட்டுக்கடியில் அடங்கும் இந்தச் சின்னப் பெட்டிகள் வந்த பிறகுதான், இரண்டாயிரத்து நாலில், வண்டிகளுக்குப் பாட்டு செட் மாட்டும் அவள் புருஷன் தேவராஜின் கடைக்கு வண்டிகள் வரிசையாக வர ஆரம்பித்தன.

கைவேலையில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரியிலிருந்து வந்த சிவப்பு ஒயர் எங்கேயும் தொங்கவில்லை. எர்த் ஒயருக்காக சீட் போல்ட்டுக்கடியில் பெயிண்டைச் சுரண்டிய இடம்கூட சுத்தமாக இருந்தது. ஆனால் சிடியில் ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வரக் கச்சேரியில் தவிலைக் காணோம். விரலால் அடிக்கிற பக்கம் டணடண என்று கேட்டது. குச்சி விழுகிற பக்கம், வயிற்றுக்குள் போய் உட்கார வேண்டிய அந்தச் சத்தம், தகரத்தில் தட்டியது போல வந்து கலைந்தது. டிரைவர் சீட்டில் இருந்த தேவராஜ் திருப்தியாகத் தலையாட்டினான். அவன் தொடைக்கடியில் பெட்டி அதிர்ந்தது. அவனுக்கு அது போதும்.

சத்யா அவன் சீட்டின் முதுகில் மூன்று முறை தட்டினாள்.

ஒரு தட்டு என்றால் போதும். இரண்டு என்றால் குறை. மூன்று என்றால் எங்கோ தப்பு, ஒயரைப் பார். இரண்டு வருடமாக இதுதான் அவர்கள் பாஷை.

வெளியே டீ டம்ளரோடு நின்றிருந்த ஈஸ்வரமூர்த்தி குனிந்து ஜன்னலில் முகம் வைத்தார். திருச்சிக்காரர், வேளாண்மை அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகிறது. போன மாதம்தான் இந்தப் பழைய காரை வாங்கியிருந்தார்.

"ஏன் தேவராஜ், வீட்டம்மா வந்து உக்காந்தாத்தான் ஸ்பீக்கர் பாடுமா?"

தேவராஜ் அவர் உதட்டைப் பார்த்து முடித்துவிட்டுச் சிரித்தான். "ராசிங்க சார். அவ உக்காராத வண்டி ஒண்ணும் சரியா அமைஞ்சதில்லீங்க."

ஊரில் எல்லாருமே அப்படித்தான் நம்பினார்கள். ஜீப் வாங்கினால் எலுமிச்சம்பழம் நசுக்குவது மாதிரி, செட் மாட்டினால் தேவராஜ் பொண்டாட்டி பின்சீட்டில் உட்கார வேண்டும்.

அவன் இறங்கி பெட்டிகளின் வலையைக் கழற்றி, ஒயர்களில் ஒரு பென்சில் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தான். டிரைவர் பக்கத்துப் பெட்டியின் காகிதக் கோன் மேலே எழும்பியது. மற்றது உள்ளே அமுங்கியது. சின்னப் பிசகுதான், பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறிவிட்டன. யாருக்கும் நேரும். காது உள்ளவன் அடுத்த நொடியில் கண்டுபிடித்துவிடுவான், அவ்வளவுதான் வித்தியாசம். மாற்றி மாட்டியதும் தவில் வந்து காருக்குள் உட்கார்ந்தது. இரண்டு தட்டு, குறைத்தான். மறுபடி இரண்டு தட்டு. பிறகு ஒன்று.

அவன் காது மந்தமானதை அவள் கண்டுபிடித்தது ஒரு குக்கரால். மூன்று விசிலில் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது குக்கர் ஒன்பதாவது விசிலைக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு கை தூரத்தில் அவன் நிம்மதியாக ஒயர் சீவிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்திக்கொண்டு வண்டிகளுக்குள் எத்தனை வருடம் சத்தம் பார்த்தானோ, கீச்சுச் சத்தங்கள் எல்லாம் முதலில் போய், பிறகு பேச்சும் பாதி போயிருந்தது. நாமக்கல்லில் டாக்டரிடம் போகலாம் என்றாள். "காதுல மிஷினு மாட்டிக்கிட்டு ஸ்பீக்கர் விக்கச் சொல்றியா? ஊரே சிரிக்கும்" என்றான். அடுத்த வண்டியில் அவளே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் பொய். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவள் சொல்லி அவன் கேட்டது என்று எதுவுமில்லை. இந்த மலைக்குக் கடை போட வர வேண்டாம் என்றாள், வந்தான். அடிவாரத்தில் அப்பன் பங்கு நிலத்தை விற்காதீர்கள் என்றாள், விற்றான். ஆனால் சீட்டின் முதுகில் இரண்டு விரல் தட்டினால் மறுபேச்சில்லாமல் குறைத்தான். கார் கண்ணாடிகள் ஏறியிருக்க, வெளியில் ஆட்கள் நிற்க, அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று அங்கே நடந்தது. சில நாட்களில் அவள் தேவைக்கு மேல் ஒரு தடவை தட்டியதும் உண்டு.

"ஒரு ரவுண்டு போயிப் பாத்துருவோம். மலைப் பாதையில எப்படியிருக்குன்னு தெரியணுமில்ல?" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "நீங்களே ஓட்டுங்க. திருச்சியில நான் பஸ்ஸுக்கு நடுவுல பூந்து ஓட்டுவேன். இங்க அந்த வளைவைப் பாத்தாலே வண்டிய ஓரங்கட்டிருவேன்."

சோளக்காடு தாண்டி இறக்கம் தொடங்கியது. தேவராஜ் நிதானமாகத்தான் ஓட்டினான். மேலிருந்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவை நெருங்கும்போது பக்கத்துச் சீட்டில் ஈஸ்வரமூர்த்தி பாட்டைக் கேட்டுச் சொக்கிப்போய் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது சத்யாவுக்குக் கேட்டது. பாட்டுக்கு அடியில், கீழேயிருந்து, பஸ் ஹாரன். மலையில் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வளைவுக்கு வளைவு ஜன்னலை இறக்கிக் காது கொடுப்பது இதற்காகத்தான். ஏறுகிற பஸ் திரும்ப ரோடு முழுவதும் வேண்டும். இறங்குகிறவன் மேலேயே நின்றுவிட வேண்டும். தேவராஜும் ஜன்னலை இறக்கித்தான் வைத்திருந்தான். ஹாரன் இன்னொரு தரம் கேட்டது. அவன் கியரை மாற்றி வளைவுக்குள் திருப்ப ஆரம்பித்தான்.

அவள் கை தானாகப் போய் சீட்டின் முதுகில் இரண்டு அடித்தது.

அவன் பிரேக்கை மிதித்தான். பஸ்ஸின் மூஞ்சி வளைவின் உள்சுவரிலிருந்து புறப்பட்டு, கார் இன்னும் ஒரு கஜம் போயிருந்தால் நின்றிருக்கக்கூடிய இடத்தை முழுவதும் துடைத்துக்கொண்டு மேலே போனது. கண்டக்டர் எட்டிப் பார்த்து ஏதோ திட்டினார்.

ஈஸ்வரமூர்த்தி நெஞ்சில் கை வைத்திருந்தார். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு தேவராஜின் தோளில் தட்டினார். "எனக்கு ஒண்ணுமே கேக்கல தேவராஜ்! அந்தப் பாட்டுக்குள்ள எப்படிக் கேட்டுச்சு உங்களுக்கு? காதா அது, பாம்புச் செவி!"

சத்யா மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செம்மேடு வந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஈஸ்வரமூர்த்தி குடும்பத்தோடு திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். தேவராஜ்தான் ஓட்ட வேண்டும். அதற்குப் பிறகும் வாரா வாரம் பிள்ளைகளைத் தாத்தா வீட்டுக்குக் கொண்டுபோக இவனை விட்டால் வேறு ஆள் கிடையாது.

சாயங்காலம் அவள் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தபோது அவன் எதிரே வந்து குந்தினான். முகம் பளபளவென்றிருந்தது. அவனை யாரும் இப்படிப் புகழ்ந்து நாளாயிற்று.

"நீ முன்னால உக்காந்துக்க புள்ள. பின்னால உக்காந்தா உனக்குத் தலை சுத்தும்னு சாருகிட்ட சொல்லிட்டேன். ஹாரன் கேட்டா என் தொடையில தட்டு. இன்னிக்குத் தட்டுனியே, அது மாதிரி."

அவள் முகத்தை அவன் பக்கம் நேராகத் திருப்பிச் சொன்னாள். "வண்டியில ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க."

"இருந்தா? அதான் நீ இருக்கியே."

"நான் ஒரு நிமிசம் கண்ணசந்துட்டா?"

"நீ எங்க கண்ணசருவ. என் காதே நீதான்" என்றான். கேலியாக இல்லை, மெய்யாகவே சொன்னான். இரண்டு வருடத்தில் அதை அவன் வாயால் ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அவளுக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. கிழங்கைத் துண்டு போட்டு உலையில் போட்ட பிறகுதான், தான் எதற்கு மயங்கினோம் என்று யோசிக்க ஆரம்பித்தாள். அவள் தட்டியதற்கும் அவன் மிதித்ததற்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தது. ஊஃபர் திருகாணியைத் திருப்புகிற வேலையில் அந்த இடைவெளி யாருக்கும் தெரியாது. வளைவில் அது ஒரு கஜம்.

அவனிடம் சண்டை போடலாம். சத்தம் போட்டால் பக்கத்துக் கடை பொன்னம்மாளுக்கு அவனைவிட நன்றாகக் கேட்கும். ஈஸ்வரமூர்த்தியிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் கடை அன்றோடு முடிந்தது. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதா என்று வியாழக்கிழமை முழுக்க யோசித்தாள். பருப்பு தீய்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கார் வீட்டு முன்னால் வந்து நின்றது. குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள், முன்பக்கம் அவளுக்காகத் திறந்து வைத்திருந்த கதவைத் தவிர. பின்னால் ஈஸ்வரமூர்த்தி, அவர் மனைவி மைதிலி, நடுவில் பட்டுப்பாவாடையில் இரண்டு பெண்கள். தேவராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க சத்யா. உங்க வீட்டுக்காரரோட பாம்புச் செவியப் பத்தித்தான் ரெண்டு நாளா எங்க ஊட்ல பேச்சு" என்றாள் மைதிலி. ஒரு வருடத்தில் அவளுக்கும் 'ஊடு' வந்துவிட்டிருந்தது.

சின்னவள் இடைமறித்தாள். "பாம்புக்குக் காதே கிடையாதும்மா. எங்க மிஸ் சொன்னாங்க. அது வயித்தாலதான் கேக்கும்."

"சும்மா இரு கண்ணு" என்று சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு தேவராஜும் சிரித்தான்.

"என்னங்க, சேலைகூட மாத்தலையா? நேரமாச்சு, ஏறுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

சத்யா திறந்த கதவில் கை வைத்து உள்ளே குனிந்தாள். தேவராஜின் பார்வை வழக்கம்போல அவள் உதட்டுக்கு வந்தது. மற்ற நாலு பேருக்கும் ஒரு எழுத்துகூடக் கேட்காமல், உதட்டை மட்டும் ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாக அசைத்தாள்.

நான் வரமாட்டேனுங்க. தட்டவும் மாட்டேன்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. மறுபடி சொல்லச் சொல்வதுபோலப் புருவத்தை உயர்த்தினான். முழுவதும் புரிந்தபோது அவன் வழக்கமாகச் செய்வது அது. அவள் நிமிர்ந்து, கதவை மெதுவாகச் சாத்தி, பூட்டு விழுந்ததா என்று ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள்.

"என்னாச்சு? அவங்க வரலையா?" என்று உள்ளே மைதிலி கேட்பது மங்கலாகக் கேட்டது.

கார் கிளம்பவில்லை. கியர் கம்பியின் மேல் அவன் கை இருந்தது. மூச்சுக்காற்றில் கண்ணாடிகள் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தன. பின்னால், வழி மறித்து நின்ற காருக்காக மினி பஸ் ஒன்று வந்து நின்று கீச்சென்று ஹாரன் அடித்தது. பிறகு விடாமல் அடித்தது. ஈஸ்வரமூர்த்தி திரும்பினார், மைதிலி திரும்பினாள், இரண்டு பெண்களும் சீட்டில் முட்டி போட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். தேவராஜ் மட்டும் அசையாமல், வெளுத்துக்கொண்டிருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.