பஞ்சக்காவின் தலைமேல் வெயில்

பஞ்சக்காவின் தலையில் வெயில் விழத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. அவள் தன் தலையணைக் கடைக்குள்தான் இருந்தாள். மேலே கூரை இருந்தது, வெளியே நான்கு நாளாக மழை. வெயில் ஒரு கைக்குட்டை அளவு. அவள் நகர்ந்தால் கூடவே நகர்ந்தது. தெருவில் யாரும் வாய் பிளக்கவில்லை. இது எப்படிப்பட்ட வெயில் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதைக் கொண்டுவந்தவன் அவள் தம்பி. மூன்று நாள் மார்க்கெட்டிங் பயிற்சிக்குப் போய், கதவு அகலத்துக்கு ஒரு சான்றிதழோடு திரும்பியவன், அக்காவைப் பஞ்சு மூட்டைமேல் உட்காரவைத்துப் பாடம் எடுத்தான். நம் சரக்கு யாருக்குத் தேவையோ அவர்தான் டார்கெட் கஸ்டமர். அவர்களில் ஒரே மாதிரித் தேவை உள்ளவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு செக்மெண்ட். நம் பேரைக் கேட்டதும் ஜனங்கள் மனதில் எழுவது பிராண்ட். அடுத்த கடைக்காரனால் தரமுடியாத ஒன்றை நாம் தந்தால் அது யூஎஸ்பி.

"முப்பது வருஷமா நான் அதைத்தானேடா பண்றேன்" என்றாள்.

"பண்றக்கா. பேர் தெரியாம பண்ற."

டார்கெட் கஸ்டமர் என்று அவன் மூன்றாம் முறை சொன்னபோது, கழுத்தைத் திருப்ப முடியாமல் தெருவில் போன தையல்காரர் உச்சந்தலையில் வெயில் விழுந்தது. நேராக உள்ளே வந்து ஒரு தலையணை வாங்கிப் போனார். அன்றிலிருந்து, வாங்கப்போகிறவர் தலையில் வெயில் விழுவது வழக்கமாயிற்று. விழுந்தவர் எவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. இதை விசாரிக்க நகராட்சியிலிருந்து வந்த குமாஸ்தா இரண்டு தலையணைகளோடு போனார்; அறிக்கை வரவில்லை.

பஞ்சு அடைக்குமுன் வந்தவரின் பிடரியில் உள்ளங்கையை வைத்து, எந்தப் பக்கம் படுப்பீர்கள், தூக்கம் ஏன் வரவில்லை என்று கேட்பது பஞ்சக்காவின் முறை. டாக்டரிடம் மறைத்ததையும் அவளிடம் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பாள்: 'இடது பக்கம். மருமகள் பேசுவதில்லை. அரைப்பிடி கூடுதல்.' தம்பி அதை ஒருநாள் முழுக்க நின்றபடியே படித்தான். "அக்கா, இது நோட்டு இல்ல, டேட்டாபேஸ்" என்றபோது அவன் கண் கலங்கியது. பாசம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நோட்டும் இல்லை, தம்பியும் இல்லை. எதிர்வரிசையில் கண்ணாடிக் கதவு போட்டுத் தம்பியின் தலையணைக் கடை புதிதாக முளைத்திருந்தது. கண்ணாடியில் விளம்பரம்: 'மருமகள் பேசாத மாமனார்களுக்கு.' தம் வீட்டு விஷயம் தெருவில் தொங்குவதைப் படித்து ஜனங்கள் கூசினார்கள். ஆனாலும் தலையில் வெயில் விழவே, பஞ்சக்கா பக்கம் பார்க்காமல் கண்ணாடிக் கதவுக்குள் போனார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை புது விளம்பரம் ஒட்டப்பட்டது: 'தம்பியை ஆளாக்கத் தூக்கத்தைத் தொலைத்த அக்காக்களுக்கு.' நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் தன் கழுத்துக்கு எழுதிவைத்திருந்த குறிப்பு அது. யாரிடமும் சொன்னதில்லை. அந்த செக்மெண்டில் இருந்தது ஒரே ஆள்.

வெயில் விழுந்ததும் கால்கள் தாமாக எழுந்தன. வாசல்வரை வந்துவிட்டாள். எதிரே தம்பி ஒரு தலையணையைக் குழந்தைபோல ஏந்தி, பயிற்சியில் கற்ற சிரிப்போடு நின்றான்.

"வாக்கா. உனக்குன்னே பண்ணது."

நான்கு நாள் மழையில் ஈரம் ஏறிய பஞ்சு வாசலோரம் குவிந்து கிடந்தது. செருப்பு மாட்டக் குனிந்தபோது தலைவெயில் அதன்மேல் பட்டு ஆவி பறந்தது. அவள் அதைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, குவியல் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"இருடா. பஞ்சு காயட்டும்."

அது நடந்து பதினோரு வருஷமாகிறது. வருஷத்துக்கு ஒருமுறை அவன் விளம்பரத்தைப் புதுப்பிக்கிறான், அதனால் வெயிலும் விடவில்லை. அடைமழையில் வேறெங்கும் காயாத பஞ்சு அவள் தலைக்குக் கீழே காய்கிறது. சூடு ஆறாத தலையணைக்காக வெயில் விழாத தலைகள் குடை பிடித்து வந்து நிற்கின்றன. அதற்கு அவள் இன்னும் பேர் வைக்கவில்லை.