ருசி பார்க்காத செல்வமுருகன்

செல்வமுருகன் சமைக்கும்போது எதையும் நாக்கில் வைக்கமாட்டார். பழனியில் அவர் குடும்பம் முருகனுக்குப் படையல் சமைத்த குடும்பம். சாமி சாப்பிடும் முன் மனுஷ வாய் படக்கூடாது என்பது அந்த அடுப்படியின் சட்டம். கண்ணை மூடி, ஆவியை மூக்கால் இழுத்து, "அரைப் பிடி உப்பு குறையுது" என்பார். அது சரியாகவே இருக்கும். டிவிக்காரர்கள் சொக்கிப்போனார்கள். வட்டக்கானலில் அவர் திறந்த ரெஸ்டாரண்டுக்கு மலைப்பூண்டுக் குழம்பு சாப்பிடவே மும்பையிலிருந்து ஆள் வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து அவர் மூக்கைக் கொண்டுபோனது. அது அவரைத் தவிர புவனாவுக்கு மட்டும்தான் தெரியும்.

புவனா அங்கே இரண்டாவது மாஸ்டர், பெருமாள்மலைக்காரி. ஒருநாள் வெள்ளனே உள்ளே நுழைந்தபோது சட்டியில் பூண்டு கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அதன் மேல் கண்ணை மூடிக் குனிந்து நின்ற செல்வமுருகன், "இன்னும் கொஞ்சம் வதங்கணும்" என்றார்.

அன்றிலிருந்து அவள் நாக்குதான் அவருக்கு மூக்கு. ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் ஒரு சொட்டு ருசி பார்ப்பாள். வந்து பானை விளிம்பில் கரண்டியைத் தட்டுவாள். ஒன்று என்றால் சரி, இரண்டு என்றால் உப்பு வேண்டும். அவர் ஆவியை இழுத்து அறிவிப்பார்.

"சென்னையில புதுக் கடை தொறக்கிறேன். அங்க நீதான் தலைமை" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்குக்காகப் பெண் பார்க்க வந்த இரண்டு பேரைப் புவனா திருப்பி அனுப்பியிருந்தாள்.

அடுக்கத்திலிருந்து பூண்டு உரிக்க வரும் ஒய்யம்மாள் ஒருமுறை விரலில் பட்ட குழம்பை நக்கிவிட்டாள். செல்வமுருகன் கொதிக்கிற குழம்பிலிருந்த கரண்டியை எடுத்து அவள் புறங்கையில் வைத்தார். "எச்சிக் கை! இனி வாசலைத் தாண்டி உள்ள வரப்படாது."

ஒய்யம்மாள் கையை உதறிக்கொண்டே, "சாமி வாயத் தொறந்து சொல்லாது. சாப்பிட வர்றவுக சொல்லுவாகல்ல?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே புவனாவும் சிரித்தாள்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் படப்பிடிப்பு. பத்து விருந்தாளிகள், மூன்று கேமரா. குழம்பு கொதிக்கும்போது செல்வமுருகன் கேமராவைப் பார்த்து, "சென்னைக் கடையை என் அக்கா மகன் கோகுல் பாத்துக்குவான்" என்றார்.

கேமரா கோகுல் பக்கம் திரும்பியதும் புவனா அருகே போனாள். "எனக்குன்னு சொன்னீங்களே, மாஸ்டர்?"

"உனக்கு இங்கதாம்மா சோலி கெடக்கு. நீ போயிட்டா எனக்கு யாரு கரண்டி தட்டுறது?" சிரித்த முகம் மாறாமல், மெல்லத்தான் சொன்னார். "வெரசா போ."

குழம்பில் இன்னும் உப்பே போடவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஸ்டோர் ரூமுக்குப் போகாமல் நேரே பானையிடம் போய், ஒரே ஒரு தடவை தட்டினாள்.

அவர் ஆவியை இழுத்தார். "சரியா இருக்கு. எறக்கு."

இனி ஊருக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தாள். அவள் கணக்குப் பிசகியது அங்கேதான்.

"உப்பே இல்லையே" என்றார் ஒரு விருந்தாளி. செல்வமுருகன் அப்போதும் ருசி பார்க்கவில்லை. புவனாவைப் பார்த்தார். பிறகு கைகூப்பினார்.

"மன்னிக்கணும். இந்தப் பானையில யாரோ வாய் வச்சிருக்காங்க. எச்சில் பட்டா என் மூக்கு வேலை செய்யாது. எங்க வம்சம் அப்படி."

விருந்தாளிகளுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கேமரா புவனாவிடம் வந்தது.

"இன்னிக்கு நான் ருசி பாக்கவே இல்ல!"

"அப்ப மத்த நாள்ல?" என்றான் கோகுல்.

"பாப்பேன். அவருக்காகத்தான் பாப்பேன். அவருக்கு மூக்கே கெடையாது!"

"மூக்கில்லாமலா எச்சிலைக் கண்டுபிடிச்சாரு?" என்று யாரோ கேட்க, மேஜை முழுக்கச் சிரிப்பு.

கோகுல் அவள் ஏப்ரனை அவிழ்த்து வாங்கினான். பானையைக் கேமரா பார்க்கக் கொல்லையில் கொட்டினார்கள். பக்கத்து அடுப்பில் இன்னொரு பானை கொதித்துக்கொண்டிருந்தது. செல்வமுருகன் பின்வாசலுக்கு வந்தார். ஒய்யம்மாள் வெளியே உட்கார்ந்து பூண்டு உரிக்கும் கொட்டகையைப் பார்த்து, இதுவரை அங்கே யாரும் கேட்டிராத இதமான குரலில், "ஒய்யம்மா, கையக் கழுவிட்டு வா தாயி" என்றார். அவள் காதோடு ஏதோ சொல்லிக்கொடுத்தார். தன் ஒரு விரலைக் காட்டினார், பிறகு இரண்டு.

படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்த புவனா, "போகாத, ஒய்யம்மா" என்றாள்.

ஒய்யம்மாள் நின்றாள். அவள் புறங்கையில் கரண்டி அளவுக்குத் தழும்பு.

"அன்னிக்குச் சிரிச்சீகளே" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கரண்டி இரண்டு தடவை தட்டியது.

"அரைப் பிடி உப்பு குறையுது" என்றது செல்வமுருகனின் குரல். எல்லாரும் கைதட்டினார்கள்.